ஸ்டெம் செல்: பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை



ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றும்போது, தானம் தந்தவரின் ரத்த ஸ்டெம் செல்களோடு அவருடைய நோய் எதிர்ப்புச் செல்களும் சேர்ந்து வருகின்றன. சில நேரம் அவை நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதி, தோல், குடல், கல்லீரலைத் தாக்கும்.

ஸ்வீடனில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அப்படித்தான் ஆனது. மருந்துகள் பலிக்கவில்லை. தாயின் மஜ்ஜையிலிருந்து மீசன்கைமல் எனும் வேறு வகை ஸ்டெம் செல்களை எடுத்து, வளர்த்து, அவனுக்குச் செலுத்தினார்கள். தாக்குதல் அடங்கியது. 2004இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது. இந்தச் செல்கள் சுரக்கும் பொருள்கள், தாக்கும் டி செல்கள் பெருகாமல் தடுக்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் டி செல்களை வளர்க்கின்றன.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. ஸ்டீராய்டுக்கு அடங்காத இந்நோயுள்ள குழந்தைகளுக்கென அமெரிக்கா இத்தகைய மருந்தை அனுமதித்ததே 2024 டிசம்பரில்தான்.

ஆகவே ஆட்டிசம், சர்க்கரை, மூட்டுவலி எல்லாவற்றையும் ஸ்டெம் செல்லால் தீர்ப்போம் என்று லட்சங்கள் கேட்டால், நகையை விற்றுக் கட்டிவிடாதீர்கள். முதலில் எங்களிடம் வாருங்கள். அரசு மருத்துவரிடம் நாங்களே அழைத்துப் போகிறோம்.