கணிப்பொறி ஏடும் காவலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயில்வே எழுத்தர்களாகிய நாங்கள் சொற்பொழிவாளர்கள் அல்லோம். ஏட்டையும் பூட்டையும் பற்றி மட்டும் சிறிது அறிவோம். முன்னாளில் முன்பதிவு ஏடுகள் அலமாரியில் இருந்தன. 1985-ஆம் ஆண்டில் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. ஏடு பொறிக்குள் புகுந்தது. அலமாரியைத் தூக்கிச் செல்ல ஆள் பலம் வேண்டும். பொறியிலுள்ள இலட்சம் பெயர்களைக் கவர்ந்து செல்ல ஒரு கடவுச்சொல் போதும்.

அவ்வேட்டைக் காக்கும் முறைகளுள் நான்கு முதன்மையானவை. ஒன்று, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். இரண்டு, அவரவர் வேலைக்கு வேண்டிய அளவே பார்வை. பயணச்சீட்டு வழங்குவோர்க்குச் சம்பளப் பட்டியல் எதற்கு? மூன்று, யார், எப்பொழுது, எதைத் திறந்தார் என்பதைப் பொறியே குறித்து வைத்தல். நான்கு, களவு போயினும் படிக்க இயலாதவாறு எழுத்துகளை உருமாற்றி வைத்தல்.

முதலாவது குலைந்தால் மூன்றாவதும் பயனற்றுப் போகும். முன்பு ஓர் அலுவலகத்தில் நாங்கள் நால்வர், வேலை தடைபடலாகாதென்று ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்து வந்தோம். ஒரு நாள் பதிவொன்று தவறாகத் திருத்தப்பட்டிருந்தது. பொறி காட்டிய பெயருக்குரியவர் அந்நேரம் உணவருந்திக் கொண்டிருந்தார். ஆயினும் அதை மெய்ப்பிக்க இயலாமல் ஓராண்டு ஊதிய உயர்வை இழந்தார். அவரை எதிரே காணும்போதெல்லாம் இன்றும் தலை குனிகிறோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த காவலின்றித் தரவுகளைக் கசியவிடுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழி செய்துள்ளது.

நம் சங்கத்தின் உறுப்பினர் ஏடும் இப்பொழுது கணிப்பொறியில் உள்ளது. வீட்டு எண், பிறந்த நாள், வரன் தேடுவோரின் ஜாதகம் யாவும் அதில் அடங்கும். அயலூரில் வாழும் நமக்கு அது உறவுப் பாலம். தீயவர் கையில் சிக்கினால், தனித்து வாழும் முதியவரின் வாயிலைக் காட்டும் கைவிளக்கும் அதுவே.

ஆதலால் நமது விண்ணப்பம் இது. அவ்வேட்டைத் திறக்கும் உரிமை இருவர்க்கு மட்டும் இருக்கட்டும். அவர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் அமையட்டும். மாற்றலாகிச் செல்பவரின் உரிமையை அன்றே நீக்குவோம். தேவையற்ற விவரங்களைக் கேளாதிருப்போம். கேட்டவர்க்குக் கடவுச்சொல்லைத் தர மறுப்பதை நட்பின் குறைவாக எவரும் எண்ண வேண்டா. நட்பைக் காக்கும் வழி அதுவே.