'இல்லை' என்ற மருந்து எந்தக் கணக்கில்?

 

சர்க்கரைக்கோ இரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை சாப்பிடும் ஒருவர்கூட இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை? காசுள்ளவர் கடையில் வாங்கிக் கொள்கிறார். இல்லாதவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கிறார். கடைசியில் மருந்து ஜன்னலில் கிடைப்பது, "இது ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க" என்ற பதில்!

அரசு மருந்தே வாங்குவதில்லை என்று சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் சேர்த்துக் கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம் என்று காட்டும் பாஸ்புக் என ஏற்பாடு வந்தது. ஆய்வில் தேறாத சரக்கு கிடங்கை விட்டு வெளியேறக் கூடாது. 2011 அக்டோபர் 2ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ராஜஸ்தானும் இந்த வழியைத்தான் பின்பற்றியது. நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கென்ன தயக்கம்?

பிறகு ஏன் ஜன்னலில் 'இல்லை'? மளிகைக்கடைக்காரரைக் கேளுங்கள். பத்து மூட்டைச் சரக்கு 20ஆம் தேதியே தீர்ந்துவிட்டால், பிறகு வந்து கேட்டுத் திரும்பியவர்களை அவர் மறக்கமாட்டார். அடுத்த கொள்முதலில் பதினைந்து மூட்டை போடுவார். மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுவதோ கொடுத்த மாத்திரைதான். வெறுங்கையோடு போனவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கொடுத்ததை மட்டும் பார்த்து அடுத்த தேவையை எழுதினால், தட்டுப்பாடான மருந்துக்குத் தேவையே குறைந்துவிட்டது போலத் தோன்றும். குறைத்துக் கேட்பார்கள்; குறைவாகவே வரும்!

2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறது. படுக்கையில் கிடக்கும் முதியோருக்கு அது பேருதவி. ஆனால் கேட்கும் கணக்கு பிசகினால் அந்தப் பையும் குறையும்.

நாம் கேட்பது பெரிய செலவல்ல. ஜன்னலில் ஒரு நோட்டு. மருந்தின் பெயர், தேதி, திரும்பிப் போனவர் எத்தனை பேர். அதையும் கூட்டித்தான் அடுத்த பட்டியல் எழுத வேண்டும். நீண்டகால நோயாளிக்கு ஒரு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இளைஞர்களே! மருந்தாளுநரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அத்தனை சீட்டையும் பார்ப்பவர் அவர்தான். இரண்டு வாரம் காலையில் வாசலில் நில்லுங்கள். விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் கேட்டு, கிடைக்காத மருந்தை எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். கணக்கு தெரிந்த வியாபாரிகள் அதைக் கூட்டிக் கொடுங்கள், தலைமை மருத்துவரிடம் மனுவோடு சேர்த்து வைப்போம். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.