பாடப்படாத நடுகல்



கொங்கு நாட்டில் ஊர்தோறும் புலிகுத்திக் கற்களின் பெருமை பேசப்படும். பட்டியைக் காக்கப் புலியை எதிர்த்து மாய்ந்தவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. வென்ற நிலத்தினும் காத்த உயிரே அங்குப் புகழாயிற்று. அந்த அளவுகோலைக் கொண்டு, இரண்டாம் உலகப் போரில் பொருத நான்காம் இந்திய டிவிஷனின் வரலாற்றை நோக்குதல் தகும்.

செங்கழுகைச் சின்னமாகக் கொண்ட அப்படை 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானியில் இத்தாலியரை முறியடித்தது; 1941 மார்ச்சில் எரித்திரியாவின் கெரென் மலையரணை வீழ்த்தியதில் பங்கு கொண்டது; 1943இல் துனீசியாவில் பொருதது; 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மான்டி கஸீனோ மலையில் பெரும் உயிரிழப்புக்கு ஆளானது. அதன் காலாட்படையினர் பெரும்பாலும் வடநாட்டவரும் கூர்க்கரும் ஆங்கிலேயருமே. ஆயினும் அவர்களுக்கு வழி சமைத்தோருள் சென்னை சாப்பர் படையினரும் இருந்தனர். படையுலகம் இவர்களைத் 'தம்பிகள்' என்றே அழைத்தது. பாலம் அமைத்தல், பாதை வெட்டல், கண்ணிவெடி அகற்றல் ஆகியவை இவர்தம் தொழில். பிறர் முன்னேறுவதற்காகத் தாம் முன்னே செல்வோர் இவர்கள்.

1944 பிப்ரவரி 24 அன்று, கஸீனோவுக்குத் தெற்கேயுள்ள மிஞ்ஞானோவில், கண்ணிவெடி நிலத்தில் காயமுற்றுக் கிடந்தோரை மீட்க ஒரு சிறு குழு புறப்பட்டது. கண்ணி காணும் கருவியுடன் முன்சென்றவர் சுபேதார் சுப்பிரமணியன். பின்வந்தோருள் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்குள் இருந்தவை சில நொடிகளே. சுப்பிரமணியன் அதன்மேல் தம் உடலைக் கிடத்தினார். அவர் மாய்ந்தார், உடன்வந்தோர் பிழைத்தனர். மறைவுக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பெற்றது.

அன்னியர் கொடியின்கீழ்ப் பொருதவரைப் போற்றலாமா என்பது நேர்மையான வினா. கோவை மண்ணில் அதற்குக் கூர்மை மிகுதி. 1942 ஆகஸ்டு 26இல் சூலூர் விமானத்தளத்துக்குத் தீயிட்டுச் சிறை புகுந்த விடுதலை வீரரைப் பெற்ற மண் இது. அவர்கள் எதிர்த்த ஆட்சியின் படையிலேதான் சுப்பிரமணியனும் பணியாற்றினார். இம்முரணை மறைத்தல் வரலாறாகாது. எனினும் அவர் உடல் மறைத்தது பேரரசை அன்று. பக்கத்தில் நின்ற மனிதரை. புலிகுத்தியவனிடம் எந்த அரசனுக்குத் திறை செலுத்தினாய் என்று ஊரார் வினவவில்லை.

நடுகல்லுக்குத் தொல்காப்பியம் வகுத்த ஆறு துறைகளுள் இறுதியானது வாழ்த்து. கல்லைத் தச்சன் செதுக்கலாம். பதக்கத்தை அரசு அளிக்கலாம். வாழ்த்து மட்டும் புலவர் கடன். பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டத்துக் கவிஞர்கள், சூலூரில் தீயிட்டவரையும் மிஞ்ஞானோவில் வீழ்ந்தவரையும் ஒரே நெஞ்சில் தாங்கும் கவிதையைத் தமிழுக்குத் தருவாராக!