கடைமடைக்கும் கடற்கரைக்கும் கணக்கு உண்டு

(சாகாமத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்குளக்கட்டில் நின்று கிழக்கே நோக்கினால் வயல், வயலுக்கப்பால் களப்பு, களப்புக்கப்பால் கடல். மூன்றும் ஒரே நீரால் வாழ்வன. நிர்வாகமோ மூன்றையும் மூன்று கந்தோர்களில் பிரித்து வைத்திருக்கிறது!

வடக்கே பட்டிப்பளை ஆற்றைப் பாருங்கள். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் எழுந்த அணை 7,70,000 ஏக்கர் அடி நீரைத் தேக்க வல்லது. குடியேற்றத்தின் அரசியலை நான் மறந்தவனல்லேன். அதற்கு வேறு மேடை உண்டு. இன்று பேசுவது நீரைப் பற்றி. அத்தனை நீர் தேங்கியும், நீண்ட வாய்க்கால்களின் கடைக்கோடியில் இருந்தோர் சிறுபோகத்தில் வானத்தையே பார்த்து நின்றனர்.

1981இல் தேக்கத்தில் கால்பங்கு நீரே இருந்தது. இடதுகரையில் உழவர் குழுக்கள் அப்போதுதான் உருவாகி வந்தன. மேல்மடைச் சிங்கள உழவர் முறைவைத்து மடையைப் பூட்டி, மிச்சப்பட்ட நீரைக் கடைமடைக்கு விட்டனர். கடைமடையில் தமிழரும் இருந்தனர் என்பதைக் கவனியுங்கள். சட்டமா அதைச் செய்வித்தது? இல்லை. வாய்க்கால் வரம்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது செய்வித்தது.

ஆறு நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. மண்ணையும் கொண்டு வருகிறது. எகிப்தில் 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் நைல் நதியின் வண்டல் தடைப்பட்டது. ரொசெட்டா முகத்துவாரத்தில் கடல் நிலத்தைத் தின்றது. நம் கரையிலும் கடல் தின்கிறது, காரணம் வேறு. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கரையோரமாக வடக்கே நகரும் மணலை அலைதடுப்பு மறித்தது. துறைமுக வாயிலில் மணல் அடைந்தது; வடபுறத்தில் கரை அரிந்தது, தென்னைகள் சாய்ந்தன. வள்ளத்துக்காகக் கட்டிய வாயிலில் வள்ளம் நுழைய வழியில்லாமற் போயிற்று! நாம் வளர்ச்சிக்குப் பகைவரா? அல்லோம். கரையில் வாழ்பவனைக் கேட்டுக் கட்டுக என்கிறோம்.

நம்மிடமும் குறை இல்லாமலில்லை. மாரியில் வயல் மூழ்கினால் முகத்துவாரத்தை வெட்டுக என்கிறார் உழவர். காலந்தப்பி வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போகும் என்கிறார் மீனவர். இருவரும் தனித்தனியே மனு எழுதுகிறார்கள். இரண்டும் கச்சேரியில் தூங்குகின்றன.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைக் குறிக்குமுன் கடைமடை வட்டவிதானைமார் முதலில் பேசட்டும். களப்பு மீனவர் இருவருக்கும் அங்கே ஆசனம் வேண்டும். முகத்துவாரம் எந்த அளவு வெள்ளத்தில் வெட்டப்படும் என்பதை மழைக்கு முன்பே, அவர்கள் முன்னிலையிலேயே எழுதிக் கையொப்பமிடுவோம்.