உணவும் குணமும்



வெள்ளி விழா மேடையில் அறிவியல் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். "பிறவிக் குணம்" என்னும் சொல்லால் நம் மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. சேரிப் பிள்ளை பிறவியிலேயே மந்தம், பிறவியிலேயே முரடு என்று முத்திரை குத்திப் பள்ளியின் கடைசி வரிசையில் அமர்த்திய காலத்தை நாம் மறந்துவிடவில்லை. ஓர் உயிரின் குணம் பிறப்போடு முடிந்துவிடுகிறதா? ஒரு சிறு பொருளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. 1901இல் ஹாப்கின்ஸ், கோல் ஆகிய இருவரும் இதனைப் பிரித்தெடுத்தனர். நம் உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். உடலுக்குள் இது முதலில் ஹைட்ராக்சி டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலமாகவும், பின்னர் செரோடோனினாகவும் மாறுகிறது. நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்லும் தூதுவர்களுள் செரோடோனினும் ஒன்று. அது மூளையில் இருப்பதை 1953இல் பெட்டி ட்வாராக் என்னும் பெண் அறிஞரும் இர்வின் பேஜும் உலகுக்கு அறிவித்தனர்.

செரோடோனினை இரத்தத்தில் செலுத்தினால் அது மூளைக்குள் எளிதில் புகாது. ஹைட்ராக்சி டிரிப்டோபனோ புகுந்துவிடும். 1963இல் கார்ன், பிக்கரிங், வார்னர் என்னும் மூவர் அதனைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். சுண்டெலிகள் காதில் எதுவோ புகுந்தாற்போல் தலையை வெடுக்கு வெடுக்கென்று உதறின. செரோடோனினை எதிர்க்கும் மருந்துகள் அவ்வுதறலை அடக்கின. ஒரு பொருளின் அளவு மாறியதும் உயிரின் அசைவே மாறிற்று!

மக்காச்சோளத்தில் டிரிப்டோபன் மிகக் குறைவு. பால்குடி மறந்த எலிக்குட்டிகளுக்குப் பல வாரங்கள் சோள உணவையே கொடுத்து ஆராய்ந்த முடிவு 1975இல் வெளிவந்தது. அவற்றின் மூளையில் செரோடோனின் குறைந்திருந்தது. மெல்லிய மின்னதிர்ச்சிக்கும் அவை மிகுதியாகத் துடித்தன. டிரிப்டோபன் கொடுத்ததும் செரோடோனின் உயர்ந்தது, துடிப்பும் தணிந்தது. குறை எலியின் பிறப்பில் இல்லை. அதன் தட்டில் இருந்தது.

உணவு மட்டுமா? பாலைவன வெட்டுக்கிளி தனித்திருக்கும்போது தன் இனத்தைக் கண்டாலே விலகி, பதுங்கி மெல்ல நகரும். நெரிசலில் மற்ற வெட்டுக்கிளிகள் அதன் பின்னங்கால்களைத் தீண்டிக்கொண்டே இருந்தால், இரண்டு மணி நேரத்தில் சுறுசுறுப்பாக நடந்து கூட்டத்தை நாடுகிறது. அப்போது அதன் மார்பு நரம்பு முடிச்சுகளில் செரோடோனின் பெருகுவதையும், அது உண்டாகாமல் தடுத்தால் இம்மாற்றம் நிகழாமையையும் 2009இல் அறிஞர்கள் மெய்ப்பித்தனர். விலக்கி வைத்தால் ஒரு குணம். தீண்டி வாழ்ந்தால் வேறொரு குணம்!

எலியின் கதையை அப்படியே குழந்தைமேல் ஏற்றிவிடக் கூடாது. மனித மனம் ஒரே அமிலத்தால் ஆள்படுவதன்று. மருந்தாக இதனை நாமே வாங்கி உண்பதும் தகாது. எனினும், எளிய உயிர்களின் குணமே உணவாலும் சூழலாலும் இவ்வளவு மாறுமெனில், பசியோடு வந்து கடைசி வரிசையில் ஒதுங்கியிருந்த பிள்ளையின் நிலையைப் பிறப்பின்மேல் பழி போட்டுத் தீர்த்துவிடுவது எந்த அறிவு?

1956இல் காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எழுந்த சத்துணவும் பிச்சையல்ல. அவை கல்வியின் முதற்பாடம். ஆசிரியப் பெருமக்களே! ஒரு பிள்ளையை மந்தம் என்று எழுதுமுன், அவன் காலையில் என்ன உண்டான், யார் அருகில் அமர்ந்தான் என்று கேளுங்கள். அவ்விரண்டையும் சீர்செய்வதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் கழகத்தின் பணியாகட்டும்.