மழை எச்சரிக்கையும் தவக்குலும்

 

இடியுடன் கூடிய பலத்த மழை என்று நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் அறிவித்ததும் நம்மில் சிலர் பீதியடைகிறோம், சிலர் நகைக்கிறோம். இடிமேகம் ஓரிரு மணி நேரத்தில் திரண்டு, சில கிலோமீட்டர் பரப்பில் கொட்டிக் கலைவது. பூவிருந்தவல்லி நனைகையில் ஆவடியில் தூறலும் விழாதிருக்கலாம். 'ஓரிரு இடங்களில்' என்றால், அப்பகுதியின் மழை பதிவு நிலையங்களுள் கால்பங்கிற்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்பதே பொருள். நம் தெரு நனையாததால் அறிவிப்புப் பொய்யாகிவிடாது.

2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கையைக் கேட்டு வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை நிறுத்தியோரை, 16ஆம் நாள் எதிர்பார்த்த மழை பெய்யாதபோது பலர் பரிகசித்தனர். ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்ததை மறக்கலாமா? பலிக்காத எச்சரிக்கைக்கு ஆயத்தமானவருக்கு ஒருநாள் சிரமம். பலித்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தவருக்கோ உயிரே விலையாகலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே நபிகளார் (ஸல்) கற்பித்த தவக்குல். எனவே இடி நெருங்குமுன் மின்கருவிகளின் இணைப்பைத் துண்டிப்போம். இடியோசை கேட்டதும் மொட்டைமாடியையும் மரத்தடியையும் விட்டு அகல்வோம். தனித்து வாழும் முதியோரின் கதவைத் தட்டிச் செய்தி சொல்வோம். அவர் எம்மதத்தவராயினும் நம் அண்டை வீட்டாரே.

வல்ல நாயன் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.