ஏரிக்கரையில் ஒளிரும் கண்கள்



செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில், இரவில் டார்ச் விளக்கை நெற்றியருகே பிடித்துப் புல்தரையை நோக்குங்கள். ஆங்காங்கே பசும்பொறிகள் மின்னும். பனித்துளி என எண்ணிவிட வேண்டா. அவற்றுட் பல ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த லைகோசா என்னும் பேரினத்திற்கு 1804-இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் பெயரிட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த கிரேவ்லி, 1924-இல் இந்திய ஓநாய்ச் சிலந்திகளைக் குறித்து ஆய்வுரை வெளியிட்டார். லைகோசாச் சிலந்திகளுள் பெரும்பாலானவை வலைவிரித்து இரை பிடிப்பதில்லை. பகலில் வளையிலோ கல்லடியிலோ ஒடுங்கி, இரவில் தரையில் ஓடி வேட்டையாடும். தாய் தன் முட்டைப் பையை உடலின் பின்முனையில் ஒட்டிச் சுமக்கும். குஞ்சுகள் வெளிவந்தபின் சில நாட்கள் அவற்றை முதுகில் ஏற்றித் திரியும். அப்போது அதன்மீது ஓரடி பட்டால் மடிவது ஓருயிரன்று.

நம் ஆகமம் சிலந்தியை நாலறிவுயிர் என்கிறது: மெய், வாய், மூக்கு, கண் உண்டு, செவியில்லை. அறிவியலும் அதற்குக் காதில்லை என்றே கூறுகிறது. கால்மயிர்களால் அதிர்வை உணர்கிறது. நம் காலடியை அறிந்து அது ஓடுமுன் நம் கால் விழுந்துவிடலாம்.

இதன் உறவான வயற்சிலந்தி நெற்பயிரை அழிக்கும் புகையானைத் தின்பதால் உழவர்க்கு நண்பன் என்பர். உண்மையே. ஆயினும் பயன் கருதிக் காப்பது வாணிகம். உயிரென்று காப்பதே அறம். அது வேட்டையாடுவது அதன் வினை. நாம் அதனைக் கொல்லாதிருப்பது நம் விரதம்.

உழவிலும் தொழிலிலும் நேரும் ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது, குறைக்கலாம். மனமறிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சையோ அறவே விலக்கத்தக்கது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலை எழுவது தொழில். வீட்டு மூலையில் கண்ட சிலந்தியை அச்சத்தால் மருந்தடித்துக் கொல்வது சங்கல்பம். ஓநாய்ச் சிலந்தியின் கடி வலி தரலாம். மனிதர் உயிரைப் பறிப்பதன்று. ஒரு குவளையால் மூடி, அடியில் அட்டை செருகி, வெளியே விட்டுவிடலாம்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள், வயல்வரப்பில் நடக்கையில் நண்டும் நத்தையும் மிதிபடக்கூடும் எனக் கோவலனையும் கண்ணகியையும் எச்சரித்தார். இரவுப் பணி முடிந்து கரைவழி வரும் நம் பிள்ளைகளுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். கையில் கைபேசி விளக்கு இருக்கிறது; அதை முகத்துக்கு நேரே பிடியாது நான்கு முழம் முன்னே தரையில் பாய்ச்சி நடப்பார்களாக. ஈர்யா சமிதி முனிவர்க்கு விரதம். நமக்கு அது நற்பழக்கமாகட்டும்.

அறம் வெல்க.